அகிஹபராவில் ஒரு லோக்கல் பையன்!

முதல்ல ஒரு கணக்கு. ஒரே கடை, ஒரே கவுன்ட்டர், ஒரே பொருள். என் நண்பன் வாங்கினா 12,000 யென். நான் வாங்கினா 13,200 யென். ரெண்டு பேரும் மதுரைக்காரங்கதான். ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச், ஒரே அரியர் பேப்பர். அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு கேட்கறீங்களா? அவன் டூரிஸ்ட். நான் லோக்கல். அவ்வளவுதான்!

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். நான் டோக்கியோவுல மேல்படிப்பு படிக்கிறேன். சட்டைப் பையில 'ரெசிடென்ஸ் கார்டு'ன்னு ஒண்ணு எப்பவும் இருக்கும். நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி முகவரி எல்லாம் போட்டது. அதைக் காட்டினா பாங்க்ல கணக்கு திறக்கலாம், போன் வாங்கலாம். ஆனா ஒரு பைசா வரி குறையாது. 2019 அக்டோபர்லேருந்து ஜப்பான்ல எந்தப் பொருள் வாங்கினாலும் 10 சதவீதம் வரி (சாப்பாட்டுக்கு 8). சுத்திப் பார்க்க வந்தவங்களுக்கு மட்டும் 5,000 யென்னுக்கு மேல வாங்கினா அந்த வரி கிடையாது. பாஸ்போர்ட்டை நீட்டினா போதும்.

போன நவம்பர்ல, அதாவது 2025 நவம்பர்ல, என் காலேஜ் தோஸ்த் ஒருத்தன் டூரிஸ்ட் வீசாவுல வந்து இறங்கினான். பேரைப் போட்டா உதைப்பான். மாப்ளன்னே வெச்சுக்குவோம். அவன் கையில ஒரு லிஸ்ட். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், தங்கச்சி, மேனேஜர் பையன்... எல்லாருக்கும் பிகாச்சு, மாரியோ, செல்டா. லிஸ்ட்டோட கடைசி வரி மட்டும் வேற கையெழுத்துல இருந்துச்சு. என் அண்ணன் எழுதினது: 'ஒரிஜினல் மாரியோ கேசட். ஒண்ணு.'

இந்தக் கடைசி வரிக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் தேவைப்படுது. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது, தமுக்கம் மைதானத்து சித்திரைப் பொருட்காட்சியில அண்ணன் ஒரு டி.வி. கேம் வாங்கிட்டு வந்தாரு. உங்க வீட்லயும் இருந்திருக்கும். மஞ்சள் கேசட், மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும், உள்ளே எண்ணிப் பார்த்தா ஏழு கேம்தான். அது நிண்டெண்டோ 1983-ல வெளியிட்ட ஃபேமிகாமோட காப்பின்னு ஜப்பான் வந்த பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது. அண்ணனுக்கு போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு, "அப்ப நாம ஆடினது டூப்ளிகேட்டாடா?"ன்னாரு. என் ஜப்பான் டிக்கெட்டுக்காக பைக்கை வித்தப்பகூட அந்தக் குரல்ல அவர் பேசினதில்ல!

சரி, கடைக்குப் போவோம்.

அகிஹபரா ஸ்டேஷன்ல இறங்கினதுமே மாப்ளைக்கு வாய் மூடலை. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டை எடுத்து, பத்து மாடி உயரத்துக்கு நிமிர்த்தி வெச்சு, கலர் லைட் போட்டா எப்படி இருக்கும்? அதுதான். சும்மா சொல்லலை, ரெண்டுக்கும் பிறப்பும் ஒரே மாதிரிதான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்ப ரேடியோ பார்ட்ஸ் வித்த சின்னச் சின்னக் கடைகள்லேருந்து வளர்ந்த இடம் இது. ரயில் பாலத்துக்குக் கீழே இன்னமும் சில பார்ட்ஸ் கடைகள் இருக்கு. டூரிஸ்ட் யாரும் அங்கே திரும்பிப் பார்க்கிறதில்லை. மாப்ளையும் பார்க்கலை.

ஒரு பழைய கேம் கடையில ஏறினோம். கண்ணாடி ஷோகேஸ்ல, பிளாஸ்டிக் கவர் போட்டு, மஞ்சள் கலர்ல அந்த மாரியோ கேசட். 1985-ல வந்தது. அட்டைப்பெட்டி இல்லை, புக்லெட் இல்லை, வெறும் கேசட் 2,980 யென். ஏறத்தாழ 1,700 ரூபாய். மாப்ள பாஸ்போர்ட்டை உருவிட்டான்.

"5,000 யென் ஆனாத்தான் வரி கிடையாது மாப்ள"ன்னேன்.

உடனே இன்னொரு கேசட்டை எடுத்துக் கூடையில போட்டான். எதுக்கு? வரி 298 யென்னை மிச்சம் பிடிக்க! அதுக்காக 2,500 யென்னுக்குப் பேரே தெரியாத ஒரு கேமை வாங்கறான். அதுல பேஸ்பால் வேற. அவன் வாழ்நாள்ல பேஸ்பாலைத் தொட்டதில்லை. சிரிக்காதீங்க, ஆடித் தள்ளுபடியில நீங்களும் நானும் பண்றதுதானே?

இங்கேதான் லோக்கல் பையன் வேலைக்கு வர்றான். "ரெண்டையும் கீழே வை. நாளைக்கு நான் ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்"னேன். முறைச்சுக்கிட்டே வெச்சான்.

பக்கத்துலயே பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை. அங்கே இன்னொரு கூத்து. ஸ்விட்ச் 2 விலையைப் பார்த்து மாப்ள துள்ளிட்டான். 49,980 யென்! மத்த நாட்டு விலையோட ஒப்பிட்டா அடிமாட்டு விலை. "ரெண்டு எடுக்கறேன்டா"ன்னான். நான்தான் பெட்டியில இருந்த ஜப்பானிய எழுத்தைக் காட்டிப் படிச்சுச் சொன்னேன். அது ஜப்பான்காரங்களுக்குன்னே செஞ்ச வகை. மெனு முழுக்க ஜப்பான் மொழி மட்டும். ஜப்பான்னு நாடு போட்ட கணக்கைத்தான் அதுல இணைக்க முடியும். எல்லா மொழியும் இருக்கிற வகைக்கு, 2025 ஜூன்ல வந்தப்பவே விலை 69,980 யென். அதையும் நிண்டெண்டோ தன்னோட சொந்த ஆன்லைன் கடையில மட்டும்தான் வித்துச்சு. அந்தக் கடையில முதல் குலுக்கலுக்கு விண்ணப்பிச்சவங்க மட்டும் ஜப்பான்ல சுமார் 22 லட்சம் பேர். பழைய ஸ்விட்ச்ல 50 மணி நேரமாவது ஆடியிருக்கணும், ஒரு வருஷமாவது ஆன்லைன் சந்தா கட்டியிருக்கணும்னு கண்டிஷன் வேற. எங்க யூனிவர்சிடி அட்மிஷனே இதைவிட சுலபம்!

யென் மதிப்பு சரிஞ்சதால வந்த வினை இது. உள்ளூர்க்காரன் சம்பளம் யென்னுல. அவன் வாங்கணும்னா விலையைக் குறைக்கணும். குறைச்சா டாலரோட வர்றவன் மூட்டை கட்டிட்டுப் போயிடுவான். அதனால மொழியையே பூட்டாப் போட்டுட்டாங்க. அதே 2025 நவம்பர்ல சோனியும் ஜப்பான் மொழி மட்டும் உள்ள பி.எஸ்.5 ஒண்ணை 55,000 யென்னுக்கு இறக்கினாங்க. வரியில டூரிஸ்ட்டுக்கு சலுகை, விலையில லோக்கலுக்கு சலுகை. கணக்கு சரியாப் போச்சா?

சரியாப் போகலை. எனக்குப் போகலை. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்.

ரெண்டு வருஷமா நான் எனக்குன்னு எதுவும் வாங்கினதில்லை. ஸ்டூடன்ட் வீசாவுல இருக்கிறவங்க அனுமதி வாங்கிட்டு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நான் ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட்ல அரிசி உருண்டை அடுக்கறேன். 2025 அக்டோபர்லேருந்து டோக்கியோவுல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். எனக்கும் அதேதான். இந்த நிலைமையில அந்தக் கடையோட ரெண்டாவது மாடியில ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் லைட் கண்ல பட்டுச்சு. டர்க்காய்ஸ் கலர். ஓரத்துல ஒரு சின்னக் கீறல். விலைச்சீட்டுல ரெண்டு எண்கள்: பெரிசா 13,200. சின்னதா 12,000.

மாப்ளதான் ஆரம்பிச்சான். "டேய், உன்னுதையும் என் பாஸ்போர்ட்ல போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

வித்தியாசம் 1,200 யென். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அரிசி உருண்டை அடுக்கற கூலி. நான் ஒண்ணும் சொல்லலை. அவன் கூடையில வெச்சேன். ஆமா, நானேதான் வெச்சேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?

கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு. நம்ம வயசுதான் இருக்கும். பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணிச்சு. விவரம் எல்லாம் அந்த நொடியே அரசாங்கத்துக்குப் போயிடும், தாள்ல முத்திரை குத்துற காலம் எல்லாம் முடிஞ்சாச்சு. அப்புறம் ரொம்ப மரியாதையா மாப்ளையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுச்சு. அவனுக்குப் புரியலை. என்னைப் பார்த்தான். அந்தப் பொண்ணும் என்னைப் பார்த்துச்சு.

கேள்வி இதுதான்: "இந்தப் பொருள்கள் எல்லாம் நீங்க ஜப்பானுக்கு வெளியே கொண்டு போறதுக்குத்தானே?"

அவன் சொல்லியிருந்தா அது அவன் பொய். மொழிபெயர்ப்பு என்னுது. "ஆமா"ங்கிற ஒரு சொல்லை ஜப்பானிய மொழியில சொல்ல வேண்டியவன் நான். இந்த மொழியைக் கத்துக்க நான் எத்தனை ராத்திரி முழிச்சிருக்கேன் தெரியுமா? வரியில்லாம வாங்கின பொருளை இங்கே இன்னொருத்தர்கிட்ட கொடுக்கக்கூடாதுங்கறது சட்டம். ஏர்போர்ட்ல பொருள் கையில இல்லேன்னா கஸ்டம்ஸ்ல அவன்தான் வரியைக் கட்டணும். என் வீசா என்னாகும்ங்கற பயமும் இருந்துச்சு. ஆனா அந்த நிமிஷம் இதெல்லாம் வரிசையா மண்டையில ஓடலை. வாய் வரலை, அவ்வளவுதான்.

"இது மட்டும் என்னுது. நான் இங்கேதான் இருக்கேன்"னு சொல்லி ஸ்விட்ச் லைட்டைத் தனியா எடுத்து வெச்சேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலை. "பாயின்ட் கார்டு இருக்கா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. இருந்துச்சு!

வெளியே வந்ததும் மாப்ள, "பெரிய அரிச்சந்திரன்"னான். ரெண்டு தெரு வரைக்கும் பேசலை. அப்புறம் ஒரு கேம் சென்டர்ல கிரேன் மெஷின்ல பொம்மை பிடிக்கறேன்னு 100, 100 யென்னாப் போட்டு 2,300 யென்னை விட்டான். அதுக்கு எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டியும் தள்ளுபடி கிடையாது. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்லணும்?

மறுநாள் அவனைக் கூட்டிக்கிட்டு மேற்கே, நான் இருக்கிற பக்கம், முக்கால் மணி நேர ரயில் பயணம். ஸ்டேஷன்லேருந்து கொஞ்சம் நடந்தா ஒரு ஹார்ட் ஆஃப் கடை. பழைய சாமான் வாங்கி விக்கிற கடை. இங்கிலீஷ் போர்டு இல்லை, மாரியோ தொப்பி போட்டவங்க யாரும் இல்லை. பின்பக்கம் நீலக் கூடைகள்ல 'ஜங்க்'னு எழுதின சரக்கு. ஓடினா உன் அதிர்ஷ்டம், ஓடலேன்னா திருப்பி வாங்க மாட்டாங்க. முழங்கால் போட்டு உட்கார்ந்து துழாவணும்.

இந்த மாதிரி கடையில லோக்கலுக்கு இன்னொரு வசதி இருக்கு. வாங்கின கேமை ஆடி முடிச்சுட்டு இங்கேயே வித்துடலாம். விக்கிறவங்களோட முகவரியைச் சரிபார்க்கணும்னு சட்டம் இருக்கறதால, டூரிஸ்ட்டால பெரும்பாலும் விக்க முடியாது. அவங்க வாங்க மட்டும்தான் முடியும். 13,200 கொடுத்த என் ஸ்விட்ச் லைட் நாளைக்குப் பணமுடை வந்தா பாதிப் பணமாவது ஆகும். மாப்ள வாங்கின 18 கிலோ சரக்கு? அது மேனேஜர் பையன் வீட்ல தூசிதான்.

நாற்பது நிமிஷம் துழாவினதுல மஞ்சள் மாரியோ கிடைச்சுது. 880 யென். ஏன் இவ்வளவு மலிவுன்னு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கறுப்பு மார்க்கர்ல கோணல்மாணலா ஹிரகானா எழுத்து. ஒரு பையன் பேர். கீழே '3-2'. மூணாங்கிளாஸ், ரெண்டாவது செக்ஷன். நண்பனுக்கு இரவல் கொடுத்தா திரும்பி வரணும்ல, அதுக்காக அந்தக் காலத்துப் பசங்க இப்படி எழுதி வைப்பாங்களாம். அகிஹபரா ஷோகேஸ்ல இதுக்கு 'அழுக்கு'ன்னு பேர்.

மாப்ள ஊருக்குப் போயிட்டான். போறப்ப, "2026 நவம்பர்லேருந்து ரூல் மாறுதாமே, முதல்ல வரியோட கட்டிட்டு ஏர்போர்ட்ல பொருளைக் காட்டினாத்தான் திரும்பக் கொடுப்பாங்களாம்"னு எங்கேயோ படிச்சதைச் சொன்னான். உண்மைதான், ஜப்பான் அரசு அறிவிச்சிருக்கு. "அப்ப உன் வாய்க்கு வேலையில்லை"ன்னு சிரிச்சான். சமாதானம் ஆயிட்டான்னு அர்த்தம்.

நாலு நாள் கழிச்சு அண்ணன் வீடியோ கால். பரண்லேருந்து அந்தப் பழைய டி.வி. கேமை இறக்கி, தூசி தட்டி வெச்சிருக்காரு. கேசட்டைச் செருகினாரு. படம் வரலை. எடுத்து ஊதினாரு. மறுபடி செருகினாரு. கோடு கோடா வந்துச்சு. இன்னொரு தடவை ஊதினாரு. அந்த மியூசிக் வந்துச்சு பாருங்க... அம்மா அடுப்படியிலேருந்து, "அந்தச் சனியனை மறுபடி எடுத்தாச்சா?"ன்னு கேட்டது எனக்கு டோக்கியோவுல கேட்டுச்சு.

அண்ணன் முதல் குழியிலேயே விழுந்து செத்தாரு. அப்புறம் கேசட்டை உருவி கேமரா முன்னாடி திருப்பிக் காட்டினாரு.

"பின்னாடி என்னடா கிறுக்கியிருக்கு?"

"ஒரு பையன் பேர்ணே. மூணாம் வகுப்பு."

"இப்ப அவனுக்கு என்ன வயசு இருக்கும்?"

கணக்குப் போட்டேன். "உங்களைவிடப் பெரியவர்ணே. அம்பதை நெருங்கியிருப்பார்."

"அப்படியா"ன்னாரு. சட்டை நுனியால மத்த அழுக்கை எல்லாம் துடைச்சாரு. அந்த எழுத்து மேல மட்டும் துணி படலை. திரும்ப உள்ளே செருகினாரு.