மூக்கு லீவு போடும் ஊர்

சித்தப்பா பெண் கல்யாணத்துக்கு அத்தர் வாங்கலாமென்று மண்ணடிக்குப் போயிருந்தேன். கடைக்கார பாய் முதலில் மல்லிகையைப் புறங்கையில் தொட்டு வைத்தார். ஆஹா! அடுத்து ரோஜா. அப்புறம் சந்தனம், தாழம்பூ, ஊத்... ஆறாவது குப்பியைத் திறந்தபோது பச்சைத் தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

"என்ன பாய், இது டூப்ளிகேட்டா?"

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "சரக்கு ஒரிஜினல் தம்பி. உங்க மூக்குதான் களைச்சுப் போச்சு. நாலுக்கு மேல மோந்தா யாருக்கும் இப்படித்தான். வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க."

பெரிய கடைகளில் இதற்குக் காபிக் கொட்டையை நீட்டுவார்கள். சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றை மோந்தாலும் அதே பலன்தானாம். (காபிக் கொட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து டிகாக்ஷன் போடுவது உத்தமம்!) நான் பாயை நம்பி அந்த ஆறாவது குப்பியையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தேன். கத்திவாக்கத்தில் நண்பன் வீடு.

விம்கோ நகருக்கு அடுத்த ஸ்டேஷன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலை, நடுவில் குப்பங்கள். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையமும் இந்தப் பக்கம்தான். முனிசிபாலிட்டியாக இருந்த ஊரை 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ப்ளாட்பாரத்தில் கால் வைத்ததுமே கருவாடு, டீசல், உப்புக்காற்று, அதற்குள்ளே சுருக்கென்று ஊசி மாதிரி வேறொன்று.

"என்னடா நாத்தம் இது?"

"எந்த நாத்தம்?" என்றான் நண்பன். விளையாட்டில்லை சார், நிஜமாகவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தேடினான்!

அவன் அம்மா சிரித்தார். "புதுசா வர்றவங்களுக்குத்தான் கண்ணு தெரியும். எங்களுக்கு எங்க தெரியுது!"

இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. காற்று அதே காற்றுதான். நாற்றம் எங்கும் போய்விடவில்லை. சொல்லவேண்டிய மூக்குதான் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

விஷயம் இதுதான். வாசனை பட்டதும் மூக்கு நரம்பின் செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது. அதுவே கொஞ்ச நேரத்தில் செல்லின் வேகத்தைக் குறைத்தும் விடுகிறது. 'பழைய சங்கதிதானே' என்று மூளையும் ஃபைலை மூடிவிடும். ஒரே வாசனையை வீட்டில் இரண்டு வாரம் வைத்துச் சோதித்தபோது, அதை எடுத்த பிறகும் கொஞ்ச நாள் மூக்கு மந்தமாகவே இருந்ததாம். சாக்கடை வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நம்பி உள்ளே இறங்குகிறவர் கதி?

2023 டிசம்பரில் இந்தப் பகுதிக்கு இரண்டு அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயின. அது ஆறுவதற்குள் 26-ந் தேதி நள்ளிரவு, கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

"நாத்தம்னு நான் எழுந்திரிக்கல கண்ணு. கண்ணு எரிஞ்சுது, தொண்டை அடைச்சுது, அதுலதான் முழிச்சேன்" என்றார் அம்மா.

அதற்கும் காரணம் இருக்கிறது. மணத்துக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு வேறொரு நரம்பு. முதலாவது சீக்கிரம் தூங்கிவிடும். இரண்டாவது அவ்வளவு லேசில் தூங்காது. ஆனால் கண் எரிகிற அளவுக்கு வந்த பிறகுதானே அது எழுப்பும்?

நண்பன் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னான். "அக்கா மாம்பலத்துக்கே வந்துடுங்கறா. அம்மா அசைய மாட்டேங்குது. அப்பா கட்டின வீடாம். நீ மாசம் ஒரு தடவை வாடா. ரயிலை விட்டு இறங்கினதும் என்ன வாசனை, போன மாசத்தைவிட ஜாஸ்தியா கம்மியான்னு மட்டும் சொல்லு. நோட்டுல எழுதி வெக்கிறேன்."

நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கத்தில் தேதி போட்டு ரெடியாக வைத்திருந்தான். 'சுருக்கென்று, ஊசி மாதிரி' என்று சொன்னேன். எழுதிக்கொண்டான்.

கீழே வந்து பையிலிருந்து குப்பியை எடுத்து மூடியைத் திருகியதுதான் தாமதம். அடுப்படியிலிருந்து அம்மா குரல்.

"மரிக்கொழுந்தா கண்ணு? எங்க வாங்கின?"

பாய் சொன்னது நிஜம்தான், சரக்கு ஒரிஜினல். அம்மாவின் மூக்கும் அப்படியே. தினம் சுவாசிக்கிற அந்த ஒன்றுக்கு மட்டும்தான் அது லீவு போட்டிருக்கிறது.

ஸ்டேஷன் வரை வந்த நண்பன், ரயில் வரும்போது அவசரமாக, "போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை மோந்து பாத்துச் சொல்லேன்" என்றான்.

மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னிக்கு அவ்வளவுதாண்டா. அடுத்த மாசம் வரேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.