தூண்டில் வேண்டாம், மாமா!



சுற்றுலா போய் வந்தவர்கள்தான் சுவர்ப் பத்திரிகையில் எழுதுவார்கள். நான் இன்னும் போகாத சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறேன். போகாத ஊருக்கு வழி சொல்கிறாள் என்று சிரிக்காமல் முழுவதும் படியுங்கள்.

எங்கள் வீட்டுச் சீட்டு இந்த மார்கழியில் விழும். "கடன் போக மிச்சம் இருந்தா எங்கனா போயிட்டு வரலாம்" என்று அப்பா சொன்னார். உடனே என் மாமா (அம்மாவின் தம்பி), "தீவுக்குப் போலாம் மாமா! மிருகம், பறவை எல்லாம் பாக்கலாம். நான் மீன் புடிச்சித் தரேன்" என்றார். என் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிக்கரைதான். தக்கை ஆடுவதைப் பார்த்தே கெண்டையா கெளுத்தியா என்று சொல்லிவிடுவார். ஆனால் கடலில் தூண்டில் போட்டதே இல்லை.

அப்பா என்னைப் பார்த்து, "பாப்பா, நீ பிளான் போடு. வழி, செலவு எல்லாம் எழுதிக் காட்டு. சரியா இருந்தா தீவு. இல்லன்னா மேல்மலையனூர்" என்றார். மேல்மலையனூருக்கு நாங்கள் எத்தனையோ முறை போய்விட்டோம். அதனால் எனக்கு இந்தப் பிளான் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

முதலில் அந்தமான் என்று எழுதினேன். சென்னையிலிருந்து கப்பலில் போகவே சுமார் மூன்று நாள் ஆகும் என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். அப்புறம்தான் நம் தமிழ்நாட்டிலேயே தீவுகள் இருப்பது தெரிந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. 1986-ல் அவற்றைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறை, கடல் புல், ஆமை, டால்பின், கடல் குதிரை எல்லாம் அங்கே உண்டு. கடல்பசுவும் உண்டு. அது பசு மாதிரியே புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும். ஆனால் போனவுடன் கண்ணில் படாது. அதனால் பிளானில் 'கடல்பசு: அதிர்ஷ்டம் இருந்தால்' என்று எழுதினேன்.

என் பிளான் இதுதான்:

முதல் நாள்: செஞ்சியிலிருந்து விழுப்புரம் பஸ். அங்கிருந்து ராமேஸ்வரம் போகும் ராத்திரி ரயில். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். அதனால் இப்போது கடல் மேலேயே ரயிலில் போகலாம்.

இரண்டாம் நாள்: மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம். 1947-ல் இந்த நிலையம் தொடங்கியது. பிறகு குந்துகால் போய், வனத்துறை படகு விட்டால் குருசடைத் தீவு. மற்ற தீவுகளில் நம் இஷ்டத்துக்கு இறங்க முடியாது, அனுமதி வேண்டும்.

மூன்றாம் நாள்: தனுஷ்கோடி. அங்கே குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். கோடை லீவில் நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நேரம் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கும். பூநாரையும் அப்போது இருக்காது. எனவே அரையாண்டு லீவு.

எல்லாவற்றையும் படித்த மாமா, "மீன் புடிக்கிறது எங்க?" என்று கேட்டார். தேசியப் பூங்காவில் மீன் பிடிக்கக் கூடாது, கடல் அட்டை, கடல் குதிரையைப் பிடித்தாலும் குற்றம், ஒரு பவளத் துண்டுகூட எடுத்து வரக் கூடாது என்று சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடலு இன்னா அவுங்க ஊட்டுதா? நான் ஒருத்தன் நாலு மீன் புடிச்சா கொறஞ்சிடுமா?" என்றார்.

நான் சொன்னேன், "மாமா, நம்ம கோட்டையப் பாரு."

செஞ்சிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சந்தோஷமாக ராஜகிரி ஏறுகிறார்கள். சிலர் சுவரில் பெயரைக் கிறுக்குகிறார்கள். சிலர் தண்ணி பாட்டிலைப் போட்டுவிட்டு, குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 'நான் ஒருத்தன் செஞ்சா என்ன' என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். கிறுக்கல் நம்மோடு இருக்கிறது. அதைப் பார்த்துத் திட்டுகிற நாமே இன்னொரு ஊருக்குப் போனால் எப்படி இருக்க வேண்டும்?

கடலில் போனது திரும்பி வருவதும் கஷ்டம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் தீவையே கடல் எடுத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொன்னேன். அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாடு வந்தால் அவர்களுக்குச் சோறே போய்விடும். அப்படியும் அந்தப் பெண்கள் கூடிப் பேசி, பாசி எடுக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டாமல் கையால் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் சீகாலஜி என்ற வெளிநாட்டுப் பரிசு கிடைத்தது. கடலை நம்பி வாழ்கிறவர்களே கையைக் கட்டிக்கொள்ளும்போது, மூன்று நாள் விருந்தாளி தூண்டிலோடு போகலாமா?

மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தனுஷ்கோடியில் மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள். நிறையப் பேர் வரிசையாக நின்று கயிற்றை இழுக்க வேண்டும். அவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்னால் மாமாவும் ஒரு கை பிடிக்கலாம். குழம்பு மீனைக் காசு கொடுத்து அவர்களிடமே வாங்கலாம். பிளானில் 'மீன் பிடித்தல்' என்பதை அடித்துவிட்டு 'மீன் பிடிப்பவர்களைப் பார்த்தல்' என்று எழுதினேன்.

மாமா கடல் தூண்டிலும் நரம்பும் வாங்க வைத்திருந்த பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "ஆயாவுக்கு டிக்கெட் எடு. அது கடலையே பாத்ததில்ல" என்றார். ஆனாலும் ஏரித் தூண்டிலைப் பைக்குள் வைப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்தான். கிளம்பும் அன்று பையைப் பார்ப்பேன்!

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். மேல்மலையனூர் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

யாராவது ராமேஸ்வரம் பக்கம் போயிருந்தால் எனக்கு வந்து சொல்லுங்கள். அடுத்த முறை ராஜகிரி ஏறும்போது காலி பாட்டிலைக் கீழே கொண்டு வாருங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி