பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொரிய விருந்தாளி

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கொரியாக்காரர்களோடு வேலை செய்கிறதா? அப்படியானால் இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். 1982இல் 'கிழக்கை நோக்கும் கொள்கை' வந்த நாள்முதல் அவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தைக் கட்டியது ஹுண்டாய். இரட்டைக் கோபுரத்தில் ஒன்றைக் கட்டியதும் கொரிய நிறுவனங்களே. ஆனால் கூடி வேலை செய்வது வேறு, கூடிச் சாப்பிடுவது வேறு என்பதைப் போன பள்ளி விடுமுறையில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூர் பக்கம். காலையில் பஸ் ஏறிக் காப்பார் வழியாகக் கிள்ளான் வந்தேன். கிள்ளானில் இறங்கிவிட்டுத் தெங்கு கிளானா சாலையை எட்டிப் பார்க்காமல் வர எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? சேலைக் கடைகளைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, தம்பிக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு கொமுட்டர் இரயிலில் ஏறினேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கூப்பிடு தூரம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளைக் கொண்டுபோன பிறகு, ஊரைச் செங்கல்லால் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தச் சூளைகள் இருந்த இடம் இது. பின்னால் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. 2001இல் திறந்த பெரிய நிலையமும் பழைய இரயில்வே நிலத்தில்தான் நிற்கிறது.

தம்பி முகம் சரியில்லை. மெல்லக் கேட்டேன். அவன் வேலை பார்க்கும் கொரியக் குத்தகை நிறுவனத்தில் (பெயர் வேண்டாமே) மாதம் ஓரிரு முறை வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவார்களாம். 'ஹ்வேசிக்' என்று அதற்குப் பெயர். சோஜு என்ற மது ஓடும். முதல் கடை, பிறகு இரண்டாவது கடை, பிறகு பாட்டு என்று இரவு நீளும். தம்பி ஒருமுறை போய், டம்ளரைக் கையால் மூடிவிட்டுத் திரும்பியவன்தான். அதன்பின் எட்டு மாதமாகப் போகவில்லை. மேற்பார்வையாளர் வேலை அவனுக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போய்விட்டது.

அவன் ஏன் குடிக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்து வாசகர்களுக்கு விளக்கவும் வேண்டியதில்லை. கள்ளுக்கடையை எதிர்த்துக் கெடாவில் தொண்டர் படையினர் மறியல் செய்த 1947ஆம் ஆண்டுக்குப் பிறகும், நம் லயங்களை விட்டுக் குடி போகவில்லை; கள் போய்ச் சம்சு வந்தது. சம்பள நாளில் அப்பாவைக் கால்வாய் ஓரத்திலிருந்து தூக்கி வரும்போது தலைப் பக்கம் நான், கால் பக்கம் தம்பி. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஈரல் கெட்டு அப்பா போனபோது அவருக்கு நாற்பத்தேழு.

"அந்த அதிகாரியை நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு" என்றேன்.

"வர மாட்டார் அக்கா."

வந்தார். கையில் ஒரு பெட்டி பேரிக்காய். உட்கார்ந்ததும் என் வயதைத்தான் கேட்டார்! தம்பி நெளிந்தான். பிறகுதான் புரிந்தது, வயது தெரியாமல் அவர்களால் பேசவே முடியாது. மூத்தவருக்கு ஒரு பேச்சு, இளையவருக்கு ஒரு பேச்சு. எனக்கு நாற்பத்தாறு, அவருக்கு நாற்பத்து நான்கு. "அப்படியானால் நூனா" என்றார். ஆண்பிள்ளை தன் அக்காவை அழைக்கும் சொல்லாம்.

வாழையிலையில் சோறு விழுந்தது. அவர் தொடவில்லை. பிடிக்கவில்லையோ என்று பார்த்தால், மூத்தவள் நான் கை வைக்கக் காத்திருக்கிறார்! காய்கறி தீரத் தீரக் கேளாமல் வைத்தது அவருக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் நாட்டுக் கடைகளிலும் தொடுகறிக்குக் காசு இல்லையாம். கிம்ச்சி என்று நினைத்து எலுமிச்சை ஊறுகாயை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு கண் கலங்கினார். நான் தண்ணீர் எடுப்பதற்குள் அவரே ஜக்கை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என் டம்ளரில் ஊற்றினார்.

அந்த இரண்டு கையைப் பார்த்ததும் அப்பாவின் கதையை நான் ஆரம்பித்தேன். தம்பி என்னை நிறுத்தினான். பிறகு அவனே, ஆங்கிலமும் மலாயும் கலந்து, கால்வாய் ஓரம்வரை சொன்னான். என்னிடம்கூட அவன் அதைப் பேசியதில்லை.

அவர் வெகுநேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வேண்டாம் என்றது மதுவை என்று எனக்குத் தெரியாது. என்னை என்று நினைத்தேன்" என்றார்.

அவர்கள் மேசையில் தன் டம்ளரைத் தானே நிரப்புவதில்லை; ஒருவருக்கு மற்றவர் ஊற்ற வேண்டும். டம்ளரை மூடுவது கையைத் தட்டிவிடுவது போல. டம்ளர் நிறைந்திருந்தால் யாரும் ஊற்ற மாட்டார்கள், அதில் இருப்பது தண்ணீரானாலும் சரி. இதை அவரே சொல்லிக் கொடுத்தார். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம்தான். நம் பிள்ளையும் காரணத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பில் வந்தபோது இழுபறி. மேலதிகாரி தானே கொடுக்க வேண்டும் என்றார். "நான் நூனா அல்லவா?" என்றேன். பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எழும்போது இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். அது நம்மில் துக்க வீட்டு வழக்கம் ஆயிற்றே! தம்பி பதறினான். விடு என்று கண்ணைக் காட்டினேன்.

தோட்டத்துக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். அந்த மாத விருந்தை அம்பாங்கில் ஒரு ஹலால் கடையில் வைத்தார்களாம். அதுவரை வராத மலாய்க்காரத் தோழர்கள் மூவரும் வந்தார்களாம். இவன் டம்ளரில் பார்லித் தண்ணீரை அவரே ஊற்ற, இவனும் இரண்டு கையால் அவருக்கு ஊற்றியிருக்கிறான். இரண்டாவது கடைக்கு அவர்கள் கிளம்பியபோது இவனும் மலாய்த் தோழர்களும் வீடு திரும்பிவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் வேலையைப் பற்றிக் கேட்டேன். அது இன்னும் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னான், அவருக்குத்தான்.