கார் ஷெட்டுக்கு ஷட்டர் போடலாமா?

மருந்து மாத்திரை பற்றி எழுதுகிறவன் இன்று சிமெண்ட், ஷட்டர் பற்றி எழுதப் போகிறேன். நீண்ட பதிவு. வீடு கட்டுகிறவர்கள், கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

திருச்சிக்கு வெளியே எங்கள் வீட்டு வேலை நடக்கிறது. இன்ஜினியர் போட்ட பிளானில் வீட்டோடு ஒட்டி 10 அடிக்கு 18 அடியில் ஒரு கார் ஷெட். மூன்று பக்கமும் சுவர், முன்னால் ரோலிங் ஷட்டர், உள்ளிருந்து நேரே ஹாலுக்குப் போக ஒரு கதவு. மேலே பிள்ளைகளின் படுக்கையறை.

"மழையில நனையாம உள்ள போயிடலாம் சார்" என்றார். மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போதுள்ள வாடகை வீட்டில் எலி இரண்டு முறை கார் ஒயரைக் கடித்துப் பழுது செலவு வைத்திருக்கிறது. அம்மாவுக்கும் பிடித்தது. இரண்டு முழங்காலும் தேய்மானம், வாசப்படி ஏற வேண்டாமே.

நான் மட்டும்தான் வேண்டாம் என்றேன்.

காரணம் 2012. கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருடம், ஞாபகம் இருக்கும். கேஷுவாலிட்டியில் எனக்கு நைட் டியூட்டி. விடியற்காலையில் அப்பா, அம்மா, பையன் மூன்று பேரும் வந்தார்கள். தலைவலி, வாந்தி, தலைசுற்றல். ராத்திரி ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டோம் என்றார்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 99. ஃபுட் பாய்சனிங் என்று எழுதி டிரிப் போடச் சொல்லிவிட்டேன்.

சீனியர் சிஸ்டர் ஒருவர்தான் மெதுவாகக் கேட்டார். "டாக்டர், ஒருத்தருக்குக்கூட வயித்தால போகலையே? மூணு பேருக்கும் ஒண்ணா தலைவலி வருமா?"

அப்புறம்தான் விசாரித்தேன். ஜெனரேட்டரைக் கார் ஷெட்டில் வைத்து, திருட்டுப் பயத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். ஒயர் உள்ளே வருவதற்காக வீட்டுக் கதவு ஒருக்களித்து இருந்திருக்கிறது.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க. அசந்து தூங்குறாங்கன்னு எழுப்பல."

ஆள் போய்ப் பார்த்தபோது அந்தப் பாட்டி எழுந்திருக்கவில்லை. நான் டிரிப் எழுதியதற்கும் அந்தக் கேள்வி கேட்டதற்கும் நடுவில் முக்கால் மணி நேரம். முன்பே கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. இன்றுவரை அந்தக் கணக்கை மனசு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் அன்று 99 காட்டியது. மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"நம்ம கார் புதுசு, புகையே வராது" என்றாள் மனைவி. புதுக் காரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் விஷம் அதிகம். அந்த ஸ்டார்ட் நடக்கிற இடமே ஷெட்தான். இந்த வாயு கிட்டத்தட்ட காற்றின் எடைதான். கீழே தங்காது, கதவிடுக்கு, மாடிப்படி என்று வீடு முழுக்கப் பரவும். "ஷட்டரைத் தூக்கிட்டா போச்சு சார்" என்றார் இன்ஜினியர். போகாது. ஜெனரேட்டர் என்றால் ஷெட்டிலேயே வைக்கக் கூடாது. வெட்டவெளியில், கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

இரண்டு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை. கடைசியில் முடிவானது இதுதான். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் முழுக்கத் திறப்பு, ஷட்டர் இல்லை, தெருவில் கேட் மட்டும். ஹாலுக்குக் கதவு கிடையாது. கூரையை வாசல் வரை இழுத்துவிட்டோம், அம்மா நனைய மாட்டார். படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும் கைப்பிடியும். அகலம் 10 அடியை 12 ஆக்கினோம். முழங்கால் வலிக்காரர் இறங்கக் கார் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், அதை எந்த பிளானும் யோசிப்பதில்லை. பிள்ளைகளின் அறை பின்பக்கம் போய்விட்டது.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டால் மிச்சம் என்றார் மேஸ்திரி. அதற்கும் தலையாட்டவில்லை. அதை அறுக்கும்போது, துளை போடும்போது பறக்கிற நார்த்தூசிதான் பல வருடம் கழித்து நுரையீரலில் புற்றுநோயாக வந்து நிற்கிறது. அறுக்கப் போவது அவர் பையன்தான். கலர் கோட்டிங் போட்ட இரும்பு ஷீட் வாங்கினோம், செலவு கூடத்தான்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே மூடிய ஷெட் இருந்தால் இடிக்க வேண்டாம். ஷட்டரைத் தூக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே வெளியே எடுத்துவிடுங்கள். வார்ம்-அப் எல்லாம் தெருவில். உள்கதவை எப்போதும் மூடி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி வந்தால் முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். தூங்குகிறவர்களையும்.

எலிக்கு என்ன வழி என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்க.