அரையங்குல இரும்பு

அப்பாவின் மகிழுந்தை விற்றுவிடுவது என்று 2016ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் முடிவு செய்தோம். கும்பகோணத்து வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் பதினேழு ஆண்டுகளாகச் செங்கல் அடுக்குகளின்மேல் நின்ற வண்டி. வாங்க வருபவர் பார்க்குமுன் உள்ளேயாவது சற்றுத் துப்புரவு செய்வோம் என்று, நைந்துபோன தரைவிரிப்பை உரித்தெடுத்தேன். கியர் பெட்டியை மூடியிருக்கும் மேட்டுக்கு அருகே, கிரீசும் தூசியும் இறுகிக் கிடந்த மடிப்பில் இரண்டு பொருள்கள் அகப்பட்டன. ஒன்று, அரையங்குல நீளம்கூட இல்லாத இரும்புக் குச்சி. தீக்குச்சியைவிடச் சற்றுப் பருமன். மற்றொன்று, பட்டாணியளவு எஃகு மணி. இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

அந்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்தது. அதற்கு உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். நம் நாட்டில் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் செய்தார்கள். முன்மூடியும் முன்சக்கரக் காப்புகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முதலை வாய் பிளப்பதுபோல் இருக்கிறது என்று நாங்கள் சிறுவயதில் சொல்வோம். கியர் பெட்டியைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை. இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மேட்டுமூடியைக் கழற்றினால் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். இந்த வசதியே பின்னால் எங்களுக்கு வினையாயிற்று.

அப்பா தலைமையாசிரியர். 1974ஆம் ஆண்டு அந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கினார். வாங்கிய நாள்முதல் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எரிபொருள், தூரம், மாற்றிய உறுப்பு, கொடுத்த கூலி எல்லாம் அதில் ஏறும். பள்ளி வருகைப் பதிவேட்டைக்கூட அவ்வளவு கவனமாக எழுதியிருப்பாரா என்பது ஐயமே. முதல் கியருக்கு இறங்கும்போது வண்டியை முழுவதும் நிறுத்தி, அதன்பிறகே கழியைத் தள்ளுவார். அந்த வண்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்பு இல்லை. ஓட்டத்தில் தள்ளினால் பற்கள் நறநறவென்று உரசும். "பல்லுக்குப் பல் மரியாதை கொடுக்க வேண்டும்" என்பார்.

1999ஆம் ஆண்டு, அவருக்கு எழுபத்தொரு வயது. மகாமகக் குளத்தின் மேலக்கரையில் திரும்பும்போது வண்டி திடுமென நின்றது. பின்சக்கரங்கள் இறுகிப்போய்த் தரையில் தேய்ந்தன. வண்டி சற்றே திரும்பி, ஓரத்தில் நின்ற கொய்யாப்பழத் தள்ளுவண்டியின் மீது மோதியது. யாருக்கும் அடியில்லை. பழங்களுக்கு விலை கொடுத்தோம். அவ்விடத்திலிருந்து வண்டியை நகர்த்த முடியவில்லை. நான்கு பேர் முன்னும் பின்னும் ஆட்டியபிறகு கழி நடுநிலைக்கு வந்தது. அதன்பின் ஒன்றும் நடவாததுபோல் ஓடியது.

"இரண்டாவது கியர் விலகவே இல்லை, அதற்குள் மூன்றாவதும் விழுந்துவிட்டது" என்று அப்பா சொன்னார். சில வாரங்களுக்கு முன் வண்டியைப் பழுது பார்த்த பட்டறைக்காரர் வந்து, நான்கு தெரு சுற்றி ஓட்டிப் பார்த்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, தாழ்ந்த குரலில், "பெரியவருக்குக் கால் தடுமாறியிருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நம்பினேன். அண்ணனும் நம்பினார். அன்றிரவு சாவியை வாங்கிக்கொண்டவள் நான்தான். அப்பா மறுக்கவில்லை, சாவிக்கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்ற நகம் நுழையாமல் சற்றுநேரம் திணறினார். அதையும் முதுமையின் கணக்கில் எழுதிக்கொண்டேன். 2004ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எங்கு போவதென்றாலும் ஆட்டோவை அழைத்துவர யாரையேனும் எதிர்பார்த்து, சட்டை மாட்டித் திண்ணையில் காத்திருந்தார்.

தீப்பெட்டிக்கு வருகிறேன். மணி ஏதோ பேரிங்கிலிருந்து உதிர்ந்தது என்று எண்ணினேன். குச்சிதான் பிடிபடவில்லை. கதவுக் கீலின் ஆணியோ? அம்மாவின் தையல் எந்திரத்திலிருந்து வந்ததோ? உதிரி உறுப்புக் கடையில் இருந்த இளைஞர் காந்தத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி ரோலர் மேடம், கியர் பெட்டியில வரிசையா நிறைய இருக்கும்" என்றார். அப்படியானால் ஒன்று குறைந்தால் மற்றவை சிதறியிருக்க வேண்டுமே, வண்டி எப்படி ஓடியது என்று கேட்டேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

இலக்கணம் கற்பிக்கும்போது எனக்கு எப்போதும் இடர் தருவது இடைச்சொல். பெயரையும் வினையையும் தனியே எழுதிக் காட்டலாம். 'உம்' என்று கரும்பலகையில் தனியே எழுதினால் மாணவர் விழிப்பர். பெயரோடோ வினையோடோ சேர்ந்த பின்னரே அது பொருள் காட்டும். அந்தக் குச்சியும் தன் இடத்தை விட்டு வந்த ஓர் இடைச்சொல்லாகவே எனக்குத் தோன்றியது.

ஹெரால்டு வண்டிகளில் பழகிய முதிய மேஸ்திரி ஒருவர் தஞ்சாவூர்ச் சாலையில் இருப்பதாக அறிந்து, வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குச்சியைக் கண்ணுக்கு அருகில் பிடித்தார்.

"ரோலர் இல்ல டீச்சரம்மா. ரோலர்னா உருளும், பக்கமெல்லாம் பளபளன்னு தேஞ்சிருக்கும். இதுல பக்கம் மங்கிக் கிடக்கு, ரெண்டு முனையும் மின்னுது பாருங்க. இது உருண்ட சாமான் இல்ல, இடிபட்ட சாமான்."

மணியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மேட்டுமூடியைக் கழற்றி, கியர் பெட்டியின் மேல்மூடியை வெளியே எடுத்துத் திண்ணையில் கவிழ்த்து வைத்தார்.

கியர் மாற்றியறியாதவர்க்காக இங்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மூடியின் உட்புறத்தில் மூன்று எஃகுக் கோல்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஒன்று முதல், இரண்டாம் கியர்களுக்கு, ஒன்று மூன்றாம், நான்காம் கியர்களுக்கு, ஒன்று பின்னோட்டத்துக்கு. ஓட்டுநர் கழியை அசைக்கும்போது ஏதேனும் ஒரு கோல் முன்னோ பின்னோ நகர்ந்து, அதற்குரிய கியரைப் பிணைக்கிறது. இரு கோல்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தால் இருவேறு வேகங்களில் சுழல வேண்டிய பற்சக்கரங்கள் ஒரே தண்டைப் பற்றிக்கொள்ளும். அது எவ்வேகத்திலும் சுழல இயலாமல் பெட்டி முழுவதும் இறுகிவிடும். இதைத் தடுக்கக் கோல்களுக்கு இடையே ஒவ்வொரு மணியும், நடுக்கோலின் குறுக்குத் துளையில் ஒரு குச்சியும் வைத்திருக்கிறார்கள். ஒரு கோல் நகர்ந்தால் அதன் பள்ளத்திலிருந்து மணி வெளியே தள்ளப்பட்டு அடுத்த கோலின் பள்ளத்தில் அழுந்தும். குச்சி அந்த அழுத்தத்தை நடுக்கோலைக் கடந்து மறுபக்கத்து மணிக்குக் கொண்டுசெல்லும். ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் எழ முடியாது.

மேஸ்திரி கோல்களை உருவினார். பின்னோட்டக் கோலின் பக்கம் ஒரு மணி இருந்தது. மறுபக்கம் மணி இல்லை. நடுக்கோலின் துளை வெறுமையாக இருந்தது.

"யாரோ தொறந்து பாத்திருக்காங்க. கோலை இழுக்கும்போது இது ரெண்டும் விழுந்திருக்கு. விழுந்ததே தெரியாம மூடிட்டாங்க." கோல்களை அவ்வாறே திரும்பச் செருகி, திருப்புளியால் ஒன்றைத் தள்ளினார், நகர்ந்தது. அடுத்ததையும் தள்ளினார், அதுவும் நகர்ந்தது. பிறகு குச்சியையும் மணியையும் அவற்றின் இடத்தில் வைத்து மீண்டும் ஒன்றைத் தள்ளினார். இரண்டாவதைத் தள்ளத் திருப்புளியை என்னிடம் தந்தார். உள்ளங்கை சிவக்க அழுத்தினேன். அசையவில்லை.

"இது இல்லாம வண்டி ஓடாதா?" என்றேன்.

"ஏன் ஓடாது? கழியை ஒழுங்கா நடுவுல கொண்டாந்து மாத்துற வரைக்கும் மாசக்கணக்கா ஓடும். கழி நுனி தேஞ்சு, என்னிக்காவது ஒருநாள் ரெண்டு கோலையும் சேத்து இழுக்கும். அன்னிக்குத்தான் தெரியும்." சற்று நிறுத்தி, "ஓட்டினவர் மேல தப்பு சொல்லுவாங்க" என்றார். நான் அவரிடம் 1999ஐப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அலமாரியில் அப்பாவின் குறிப்பேடு இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு அதை நான் திறந்ததில்லை. கடைசிப் பக்கத்தில், விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதியிட்டு, 'மூன்றாவது கியர் நழுவுகிறது. மேல்மூடி கழற்றிச் சுருள்வில் மாற்றம். கூலி ரூ. 350' என்றிருந்தது. அதன்கீழ் விபத்து நாளின் குறிப்பு, நடுக்கமில்லாத அதே கையெழுத்தில்: 'மேலக்கரை. இரண்டும் மூன்றும் ஒருசேர விழுந்தன. காரணம் பார்க்க வேண்டும்.' அதற்குப்பின் எல்லாம் வெற்றுத்தாள்.

புனேயிலிருந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் எதிர்முனையில் ஓசையில்லை. பிறகு, "சாவி எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி மூடியைப் பூட்டிவிட்டுக் கைகளை மண்ணெண்ணெயில் கழுவினார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, புதிதாக ஒன்றும் போடவில்லையே என்று தயங்கினார். வற்புறுத்திக் கொடுத்தேன். அவர் போனபின், அப்பாவின் குறிப்புக்குக் கீழே அன்றைய தேதியை எழுதி, 'காரணம் பார்த்தாயிற்று. கூலி ரூ. 500' என்று பதிந்தேன்.