ஜெபிக்கிறோம், மருந்தையும் விடவில்லை

அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய். ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடிந்ததும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்விடுவேன். கீமோ ஏறும்போதெல்லாம் அக்கா அவன் தலையில் கைவைத்து ஜெபிப்பாள்.

"விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவானது இந்த மருத்துவமனை. அந்தக் கண்ணீரையும் கர்த்தர் வீணாக்கவில்லை என்றே நம்புகிறேன்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகை இன்று பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆனால் சிகிச்சை இரண்டு வருடங்களுக்கும் மேல் நீளும். பாதியில் நிறுத்தவே கூடாது. அதுவரை சோர்ந்துபோகாத பெலனைத்தான் தினமும் கேட்கிறோம்.

அவனுக்கு ரத்த அணுக்கள் குறைந்தபோது சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். லைனில் என்னோடு வேலை செய்யும் இந்து, முஸ்லிம் நண்பர்கள் பிளேட்லெட் கொடுக்க வந்து நின்றார்கள். ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அவர்கள்தான்.

பிளேட்லெட்டை சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிலாளர் நண்பர்களே, வார விடுமுறை நாள் ஒன்றில் ரத்த வங்கிக்கு வாருங்கள். எங்கள் பிள்ளைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.