ஒரு தையற்காரரின் குறிப்பேடு

கங்கைச் சமவெளியின் சிற்றூர் ஒன்றில், கையால் சுற்றும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் அவருக்கு இளம்பிள்ளைவாதத்தால் இரு கால்களும் செயலிழந்துவிட்டன. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த நாள்முதல் ஒரு குறிப்பேட்டைப் பேணி வருகிறார். சென்ற தேதி, சந்தித்த அலுவலரின் பதவி, கிடைத்த மறுமொழி, ஆட்டோக் கட்டணம், அன்று இழந்த வருமானம் என எல்லாம் அதில் உண்டு. ஒருமுறை எலும்பு மருத்துவர் விடுப்பு. மறுமுறை இணையதளம் முடக்கம். பிறகு ஆதாரில் பெயரின் ஓரெழுத்துப் பிழை. இப்படியே பதினான்கு மாதங்கள்.

2017ஆம் ஆண்டின் விதிகள் சான்றிதழ் வழங்க ஒரு மாதக் கெடு விதித்திருந்தன. 2024ஆம் ஆண்டின் திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்கப்படாத விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்றும் அத்திருத்தம் கூறுகிறது. தாமதம் அலுவலகத்தினுடையது, அதன் விளைவைச் சுமப்பவர் விண்ணப்பதாரர்.

சான்றிதழ் கிடைத்தாலும் பயணம் முடிவதில்லை. மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர 80 விழுக்காட்டுக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்கான ஆதாரமும் வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரையுள்ளோர்க்கு, 2012 முதல் மாதம் 300 ரூபாய். குறிப்பேட்டின்படி ஒரு நாள் அலைச்சலுக்கு ஆட்டோ 160, இழந்த கூலி 400. ஏறத்தாழ இரண்டு மாதப் பங்கை ஒரே நாள் விழுங்கிவிடுகிறது.

அவர் சோர்ந்துவிடவில்லை, முறையை மாற்றிக்கொண்டார். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுப்பதில்லை. விண்ணப்பம் யாருடைய மேசையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருக்கிறார். அதற்கு 30 நாளில் பதில் தரப்பட வேண்டும். தம்மைப்போல் அலையும் இருவரைச் சேர்த்துக்கொண்டதால் ஆட்டோக் கட்டணம் மூன்றாகப் பிரிகிறது. எழுத்தறியாத அவ்விருவருக்கும் மனு எழுதித் தருபவரும் அவரே.

இதைப் பொறுமை என்று ஊரார் புகழ்கிறார்கள். அவருக்கு அச்சொல் பிடிப்பதில்லை. பொறுமை என்றால் சும்மா இருப்பது. தாம் செய்வது கூலியில்லா வேலை என்கிறார். நலத்திட்ட ஆய்வுகள் பெரும்பாலும் பயன் பெற்றோரை எண்ணுகின்றன. பெறுவதற்கு முன் அவர்கள் செலவிட்ட நாள்களின் கணக்கு இத்தகைய குறிப்பேடுகளில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் எவரும் இதுவரை அவர் வீட்டுக்கு வரவில்லை.